சி.ஐ.எஸ்.எஸ்.பி. தேர்வில் ஒருமுறை தவறியவன் மறுமுறைக்கு எப்படிப் படிப்பது?

செக்காலைக்காரன் கேட்கிறார்:

வணக்கம். காரைக்குடி செக்காலையில் வீட்டிலிருந்தபடியே சென்னை நிறுவனம் ஒன்றுக்கு வேலை பார்க்கிறேன். ஒன்பது ஆண்டுகளாக ஃபயர்வால், வி.பி.என்., ரவுட்டர் என்று நெட்வொர்க் பக்கமே என் தொழில். சென்ற மாதம் சென்னைக்குச் சென்று, தகவல் பாதுகாப்பு வல்லுநர்களுக்கான சி.ஐ.எஸ்.எஸ்.பி. சான்றிதழ்த் தேர்வு எழுதினேன், தேறவில்லை. குறைந்தது 100, கூடினால் 150 கேள்விகள் வரும் அந்தத் தேர்வு எனக்கு 150 வரை போனது. நூற்றைத் தாண்டியபோதும் நம்பிக்கை இருந்தது. நூற்று இருபதுக்குப் பிறகு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே விடை குறித்தேன். வெளியே வந்ததும் கையில் கொடுத்த தாளில் நெட்வொர்க் பாதுகாப்புக்கு மட்டும் தேர்ச்சி நிலைக்கு மேல் என்றிருந்தது. ரிஸ்க் மேலாண்மை, சொத்துப் பாதுகாப்பு, மென்பொருள் உருவாக்கப் பாதுகாப்பு ஆகிய மூன்றும் கீழே. மற்ற நான்கு டொமைன்களும் (பாடப் பிரிவுகளும்) அருகில்.

நான் படிக்காமல் போகவில்லை. ஐந்து மாதங்கள், தினமும் விடியற்காலை இரண்டு மணி நேரம் படித்தேன். இணையவழிப் பயிற்சி ஒன்றில் சேர்ந்து, அவர்கள் கொடுத்த கேள்வித் தொகுப்பிலிருந்து ஏறத்தாழ மூவாயிரம் கேள்விகளைப் போட்டுப் பார்த்தேன். கடைசி மாதத்தில் எண்பத்தைந்து விழுக்காட்டுக்குக் குறையாமல் வந்தது. ஆனால் தேர்வறையில் ஒரு கேள்விகூட நான் பார்த்த முகமாக இல்லை. இரண்டு விடைகளை எளிதில் தள்ளிவிட முடிந்தது. மீதமுள்ள இரண்டில் எது சரி என்பதில்தான் ஒவ்வொரு முறையும் மாட்டிக்கொண்டேன். 749 டாலர் கட்டணம் போனதைவிட, எங்கே தவறினேன் என்று எனக்கே விளங்காமல் இருப்பதுதான் வருத்தமாக இருக்கிறது.

மறுமுறை எழுத முப்பது நாள் இடைவெளி வேண்டும் என்பது தெரியும். நான் மூன்று மாதம் எடுத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். அந்த மூன்று மாதத்தில் என்ன செய்யவேண்டும், என்ன செய்யக்கூடாது? நிரல் எழுதிப் பழக்கமில்லாத ஒருவன் மென்பொருள் டொமைனை எந்த அளவுக்குப் படிக்கவேண்டும்? பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்தவன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்; நீளமான ஆங்கிலக் கேள்வியை ஒருமுறை படித்தால் எனக்குப் போதுவதில்லை.


இரண்டாங்கட்டு எழுதுகிறார்:

முதலில் அந்தத் தாளைப் பற்றி ஒரு சொல். 150 கேள்விவரை போனதை நீங்கள் அவமானமாக நினைக்கவேண்டியதில்லை. இது தேர்வரின் திறனை அளந்துகொண்டே அடுத்த கேள்வியைத் தேர்ந்தெடுக்கும் தேர்வு. நீங்கள் சரியாகச் சொன்னால் அடுத்தது கடினமாகும். தவறினால் சற்று எளிதாகும். ஏறக்குறைய பாதிக்குப் பாதி வாய்ப்புள்ள கேள்வியையே அது உங்களுக்குத் தேடித் தருவதால், தேறுகிறவருக்கும் தோற்கிறவருக்கும் தேர்வு ஒரேபோல் கடினமாகவே தோன்றும். நீங்கள் தேறிவிட்டீர்கள் என்றோ தேறமாட்டீர்கள் என்றோ 95 விழுக்காடு உறுதி வந்தால்தான் அது இடையில் நிற்கும். உங்களுக்குக் கடைசிவரை நிற்கவில்லை என்றால், கோட்டுக்கு மிக அருகில் நின்றீர்கள் என்று பொருள். முதல் நூறில் 25 கேள்விகளுக்கு மதிப்பெண்ணே கிடையாது, எவை அவை என்று யாருக்கும் தெரியாது என்பதையும் நினைவில் வையுங்கள். புரியாத கேள்வி வந்தால், 'இது அந்த இருபத்தைந்தில் ஒன்றாக இருக்கட்டும்' என்று விடை குறித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். முந்தைய கேள்விக்குத் திரும்பிப் போக வழியில்லாத தேர்வில், போனதை நினைத்துக்கொண்டிருப்பது அடுத்த கேள்வியைக் கெடுக்கும்.

இனி உங்கள் எண்பத்தைந்து விழுக்காட்டைப் பற்றி. மூவாயிரம் கேள்விகளைத் திரும்பத் திரும்பப் போட்டால் விடை கண்ணுக்குப் பழகிவிடும். அது அறிவு அன்று, ஞாபகம். என் அனுபவத்தில் நாளைக்குப் பதினைந்து கேள்விகள் போதும். ஆனால் ஒவ்வொன்றுக்கும், சரியான விடை ஏன் சரி என்பதை ஒரு வரியிலும், மற்ற மூன்றும் ஏன் தவறு, எந்தச் சூழ்நிலை என்றால் அவை சரியாக இருந்திருக்கும் என்பதை மூன்று வரிகளிலும் நோட்டில் எழுதவேண்டும். அந்த மூன்று வரிகள்தான் படிப்பு. நான் அதைத் தமிழில்தான் எழுதினேன். ஆங்கிலத்தில் படித்ததை ஆங்கிலத்திலேயே எழுதினால், புரியாத இடத்தைப் புத்தகத்தின் சொற்களைக் கொண்டே மூடிவிடுகிறோம்; தமிழில் எழுதும்போது புரியாத இடத்தில் பேனா நின்றுவிடுகிறது.

நீங்கள் மாட்டிக்கொள்ளும் அந்தக் கடைசி இரண்டு விடைகளைப் பற்றிச் சொல்கிறேன். தேர்வில் வந்த கேள்வியை வெளியே சொல்லமாட்டோம் என்று உறுதிமொழி கொடுத்திருப்பதால், நானே ஒன்றைக் கட்டிச் சொல்கிறேன். ஒரு நிறுவனத்தின் சம்பளப் பட்டியல் மென்பொருளில் ஓட்டை இருப்பதாக ஆய்வறிக்கை வந்திருக்கிறது. அதை யாரும் பயன்படுத்தித் தாக்கியதாகத் தடயம் இல்லை. பாதுகாப்பு மேலாளர் முதலில் செய்யவேண்டியது எது? உடனே பேட்ச் (ஓட்டையை அடைக்கும் திருத்தம்) போடுவது, அந்தச் சர்வரை நெட்வொர்க்கிலிருந்து துண்டிப்பது, ஓட்டையால் நேரக்கூடிய இழப்பை மதிப்பிட்டு உரிமையாளரிடம் தெரிவிப்பது, ஃபயர்வாலில் விதி சேர்ப்பது. நீங்கள் ஒன்பது ஆண்டு ஃபயர்வால் பார்த்தவர். கை தானாகக் கடைசி விடைக்குப் போகும். அது கெட்ட வேலை அன்று, ஆனால் 'முதலில்' என்ற சொல்லுக்கு அது விடை ஆகாது. சம்பளநாள் நாளையாக இருந்தால் சர்வரைத் துண்டிப்பவர் ஓட்டையைவிடப் பெரிய இழப்பை உண்டாக்கிவிடுவார். மதிப்பிடாமல் எதையும் செய்யாதே என்பதுதான் முதல் டொமைனின் சாரம். எட்டு டொமைன்களில் அதற்குத்தான் அதிகப் பங்கு, 16 விழுக்காடு. அதில் கீழே நின்றால் மற்ற ஏழிலும் கால் இடறும்.

கணக்குகளையும் விட்டுவிடாதீர்கள். சொத்தின் மதிப்பு 40 லட்சம் ரூபாய், ஒருமுறை வெள்ளம் புகுந்தால் அதில் கால் பங்கு கெடும் என்றால், ஒரு நிகழ்வின் இழப்பு 10 லட்சம். பத்தாண்டுக்கு ஒருமுறை அப்படி நேரும் என்றால் ஆண்டு இழப்பு 1 லட்சம். அதைத் தடுக்க ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் செலவாகும் என்று ஒருவர் வந்தால் வேண்டாம் என்று சொல்லத் தெரியவேண்டும். உயிருக்கு ஆபத்து, சட்டக் கட்டாயம் இவை இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. தேர்வு அதையும் கேட்கும்.

எங்கள் தேவகோட்டை வீட்டில் அப்பச்சியின் கல்யாணச் சாமான்கள் எல்லாவற்றிலும் எழுத்து வெட்டியிருக்கும். பித்தளை அண்டாவிலிருந்து எவர்சில்வர் கரண்டிவரை எது யாருடையது என்பதற்குப் பட்டியலும் உண்டு. சொத்துப் பாதுகாப்பு டொமைனைப் படிக்கும்போது எனக்கு அந்தச் சாமான் அறைதான் நினைவுக்கு வந்தது. எழுத்து வெட்டுவது அடையாளமிடுதல், பட்டியல் கணக்கெடுப்பு, வெள்ளியை இரும்புப் பெட்டியில் வைப்பதும் பித்தளையைத் தட்டில் அடுக்குவதும் வகைப்பாடு. உங்களுக்கு வேறு உவமை கிடைக்கலாம். ஏதோ ஒன்றின்மேல் ஏற்றி வைக்காமல் அந்தச் சொற்கள் நிற்பதில்லை.


பெட்டியடி எழுதுகிறார்:

நான் வங்கியில் தணிக்கைப் பிரிவில் இருந்து ஓய்வுபெற்றவன். தகவல் அமைப்புத் தணிக்கைக்கான சி.ஐ.எஸ்.ஏ. முதலிலும் சி.ஐ.எஸ்.எஸ்.பி. பிற்பாடும் எழுதினேன். இரண்டாங்கட்டு ஆச்சி சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் தம்பி அதை வைத்துக்கொண்டு 'எப்போதும் மேலாளராக யோசி, கருவியைத் தொடாதே' என்ற முடிவுக்கு வந்துவிடக்கூடாது. பயிற்சி வகுப்புகள் எல்லாவற்றிலும் இந்த ஒரு மந்திரத்தைத்தான் ஓதுகிறார்கள். அதை நம்பி, தீப்பிடித்த கட்டடத்தில்கூட 'ரிஸ்க் மதிப்பீடு செய்' என்று விடை குறித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தீ என்றால் மனித உயிர் முதலில்; அதில் ஆலோசனைக்கு இடமில்லை. தாக்குதல் நடந்துகொண்டிருக்கிறது, நீங்கள் நிகழ்வு எதிர்கொள்ளும் குழுவில் இருக்கிறீர்கள் என்றால், பரவாமல் தடுப்பதுதான் வேலை. இயக்குநர் குழுவைக் கூட்டுவது அன்று.

ஆகவே ஒவ்வொரு கேள்வியிலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இந்தக் கேள்வியில் நான் யார்? விவகாரம் இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது? இதில் முடிவெடுக்கும் அதிகாரம் யாருடையது? இவற்றுக்கு விடை கேள்வியின் சொற்களிலேயே இருக்கும். ஆய்வாளர், மேலாளர், டேட்டா உரிமையாளர், பாதுகாவலர் என்று பெயர் போட்டிருப்பார்கள். அந்தச் சொல்லை அவசரத்தில் தாண்டிப் போகிறவர்தான் கடைசி இரண்டு விடைகளில் மாட்டிக்கொள்வார்.

உரிமையாளருக்கும் பாதுகாவலருக்கும் உள்ள வேறுபாட்டை நம் செட்டிநாட்டுப் பக்கத்தாருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தக் காலத்து வட்டிக்கடையில் முதலாளி ஊரில் இருப்பார். பர்மாவிலோ மலாயாவிலோ கடையை நடத்துபவர் ஏஜெண்டு. பணம் முதலாளியுடையது. எந்த அளவுக்குக் கடன் கொடுக்கலாம் என்ற வரம்பும் அவர் கொடுத்த அதிகாரப் பத்திரத்தில் இருக்கும். பெட்டியைப் பூட்டுவது, ஏட்டைக் காப்பது, வசூல் செய்வது ஏஜெண்டின் பாடு. கடை நொடித்தால் ஏஜெண்டைக் கேள்வி கேட்கலாம், ஆனால் நட்டம் முதலாளிக்குத்தான். பொறுப்பைப் பகிரலாம், பதில் சொல்லும் கடமையைக் கைமாற்ற முடியாது என்று தேர்வு கேட்பது இதையேதான். ஏஜெண்டுகள் பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணையில் போய்வந்தார்கள். தவணை முடிந்ததும் அடுத்தவர் வந்து கணக்கை ஒப்புக்கொள்வார். ஒருவர் பணியில் இல்லாதபோது இன்னொருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் மறைத்த பிழை வெளியே வந்துவிடும். பணிச் சுழற்சி, கட்டாய விடுப்பு என்று பாடத்தில் படிப்பதன் நோக்கமும் அதுதான். மேலாள், அடுத்தாள், பணப்பெட்டியின் அடியில் உட்காரும் பெட்டியடி என்று வேலையைப் பிரித்து வைத்த கடையில் ஒருவரே பணத்தை எடுத்து, அவரே எழுதி, அவரே சரிபார்க்க முடியாது. என் புனைபெயர் எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்திருக்கும். என் ஐயா பினாங்கில் அப்படித்தான் தொடங்கினார்.

யார் எதைப் படிக்கலாம், எதில் எழுதலாம் என்று வகுக்கும் பாதுகாப்பு மாதிரிகளில் பலரும் தடுமாறுகிறார்கள். பெல்-லபடுலா இரகசியம் காப்பது: உன் தகுதிக்கு மேலே உள்ளதைப் படிக்காதே, கீழே எழுதாதே. பைபா நம்பகத்தன்மை காப்பது. அது தலைகீழ்: கீழே உள்ளதைப் படித்து ஏமாறாதே, மேலே எழுதிக் கெடுக்காதே. 1987-இல் வந்த கிளார்க்-வில்சன் மாதிரி இரட்டைப் பதிவுக் கணக்கு முறையிலிருந்தே தொடங்குகிறது என்பதால் எனக்கு அது மிகவும் பிடித்தமானது. யாரும் டேட்டாவை நேரடியாகத் தொடக்கூடாது. ஒப்புதல் பெற்ற நடைமுறை வழியாகத்தான் மாற்றலாம். மாற்றிய பிறகு மொத்தமும் பொருந்துகிறதா என்று சரிபார்க்கத் தனி நடைமுறை இருக்கவேண்டும். பேரேட்டில் நினைத்த இடத்தில் எழுத முடியாது, குறிப்பேட்டில் ஏறியது மட்டுமே பேரேட்டுக்குப் போகும், கடைசியில் ஐந்தொகை இடிக்காமல் வரவேண்டும். அவ்வளவுதான். புரூவர்-நாஷ் மாதிரி வேறு விதம்: ஒரு நகைக்கடையின் கணக்கைப் பார்த்த தணிக்கையாளர் எதிர்க்கடையின் கணக்கைத் தொடக்கூடாது, ஆனால் மளிகைக்கடையின் கணக்கைப் பார்க்கலாம்.

தமிழ்வழியில் படித்தவருக்கு இன்னொரு கண்ணி, ஒன்றுபோல் ஒலிக்கும் இரண்டு சொற்கள்: டியூ டிலிஜென்ஸ், டியூ கேர். கடன் கொடுக்குமுன் கேட்பவரின் குடும்பம், சொத்து, பழைய பாக்கி எல்லாம் விசாரிப்பது முன்னது. கொடுத்தபின் பத்திரத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, தவணை தவறினால் ஆள் அனுப்புவது பின்னது. விசாரிப்பது டிலிஜென்ஸ், செய்ய வேண்டியதைச் செய்வது கேர்.

சட்டத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் (CERT-In) 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட ஆணைப்படி இணையப் பாதுகாப்பு நிகழ்வுகளை ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்கவேண்டும். லாக் பதிவுகளை (கணினிகள் தாமே எழுதிவைக்கும் நடவடிக்கைக் குறிப்புகளை) 180 நாள் வைத்திருக்கவேண்டும். 2023-இல் தனிநபர் டேட்டா பாதுகாப்புச் சட்டமும் வந்துவிட்டது. வேலைக்கு இவை கட்டாயம் தெரியவேண்டும். தேர்வோ உலகப் பொதுவானது. ஆறு மணி நேரம் என்ற நம் நாட்டு எண்ணை மனத்தில் வைத்து விடை குறித்தால் தவறும். எந்த நாட்டுச் சட்டம் பொருந்துகிறது என்று சட்ட ஆலோசகரைக் கேட்பதே பெரும்பாலும் அங்கே விடையாக இருக்கும்.


செக்காலைக்காரன் எழுதுகிறார்:

ஆச்சிக்கும் ஐயாவுக்கும் நன்றி. இருவர் எழுதியதையும் இரண்டு நாள் வைத்துப் படித்தேன். பழைய கேள்விகளில் ஐம்பதை எடுத்து, 'நான் யார், எந்தக் கட்டம், அதிகாரம் யாருடையது' என்று பென்சிலால் குறித்துப் பார்த்தேன். நான் தவறிய பதினெட்டில் பதினொன்றில் என் பதவியையே கவனிக்காமல் விட்டிருக்கிறேன்.

ஆனால் ஒன்று இன்னும் தெளியவில்லை. டேட்டாபேஸ் நிர்வாகி ஒருவர் இரவில் பார்க்கும்போது வாடிக்கையாளர் பதிவுகள் இணையத்தில் எல்லாரும் பார்க்கும்படி திறந்து கிடக்கின்றன. அவர் பாதுகாவலர்தானே, உரிமையாளர் இல்லையே? முதலில் மூடவேண்டுமா, உரிமையாளரைக் கேட்கவேண்டுமா? இதில் ஆச்சி சொன்னதும் ஐயா சொன்னதும் எனக்கு எதிரெதிராகத் தெரிகின்றன.


இரண்டாங்கட்டு எழுதுகிறார்:

எதிர் இல்லை. நான் சொன்ன சம்பளப் பட்டியலில் ஓட்டை இருந்தது, தாக்குதல் இல்லை. யோசிக்க நேரம் இருந்தது. உங்கள் நிர்வாகி பார்த்ததோ நிகழ்ந்துவிட்ட ஒன்று. நிறுவனத்தின் நிகழ்வு எதிர்கொள்ளும் திட்டம் உரிமையாளரும் மேலிடமும் முன்பே ஒப்புதல் கொடுத்த ஆவணம் என்பதால், அதன்படி அணுகலை மூடுவது உரிமையாளரின் அதிகாரத்தை மீறுவது ஆகாது. வாடிக்கையாளரிடம் தெரிவிப்பதா, அரசுக்கு எப்போது எழுதுவது என்பவைதான் அவர் தாமே முடிவுசெய்யக்கூடாதவை. மூடும்போது லாக் பதிவுகளை அழித்துவிடாமல் பார்த்துக்கொள்வார் என்றால் நல்ல நிர்வாகி. திட்டத்தைச் செயல்படுத்துவது என்று ஒரு விடையும், தாமே எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டுக் காலையில் சொல்வது என்று ஒரு விடையும் இருந்தால், முன்னதையே எடுங்கள்.


கீழச்செவல்பட்டி எழுதுகிறார்:

மென்பொருள் டொமைனுக்கு யாரும் பதில் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். பதினான்கு ஆண்டாக நிரல் எழுதுவது என் பிழைப்பு. அந்த டொமைனில் நானே அதிகம் தடுமாறினேன் என்றால் நம்புவீர்களா? நிரல் எழுதத் தெரிவதால் அங்கே லாபம் குறைவு. எந்த வேலையை எந்தக் கட்டத்தில் செய்யவேண்டும் என்பதையே பெரும்பாலும் கேட்கிறார்கள். பாதுகாப்புத் தேவைகளைத் தொடக்கத்திலேயே எழுதிவிடவேண்டும். வடிவமைக்கும்போது எங்கெங்கே தாக்கக்கூடும் என்று யோசிக்கவேண்டும். நிரலை ஓடவிடாமல் மூலத்தைப் படித்துச் சோதிப்பது ஒன்று, ஓடவிட்டுச் சோதிப்பது இன்னொன்று. கடைசியில் வெளியிடும்போது மாற்றக் கட்டுப்பாட்டுக் குழுவின் ஒப்புதல். வீடு கட்டி முடித்து, கூரைக்கு ஓடு போட்டபின் அஸ்திவாரத்துக்குக் கல் தேடுவதுபோல் பாதுகாப்பைக் கடைசியில் சேர்க்கும் விடை எதுவானாலும் தள்ளிவிடலாம்.

நிரல் எழுதுபவரிடம், வாடிக்கையாளர் பயன்படுத்தும் உற்பத்தி சர்வரின் சாவி இருக்கக்கூடாது. சோதனைக்கு உண்மையான வாடிக்கையாளர் டேட்டாவை அப்படியே எடுக்கக்கூடாது. மறைத்து மாற்றியதைத்தான் தரவேண்டும். பயனர் தட்டச்சு செய்வதை நம்பி டேட்டாபேஸுக்குப் போகும் வினவலோடு ஒட்டினால் எஸ்.க்யூ.எல். இன்ஜெக்‌ஷன் வரும், அதற்கு மருந்து அளவுரு வைத்த வினவலும் சர்வர் பக்கத்தில் செய்யும் சரிபார்ப்பும். பிரவுசரில் மட்டும் சரிபார்த்தால் வாசலில் கோலம் போட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்த கதைதான். வெளியாரிடம் மென்பொருள் வாங்கும்போது அவர்கள் கடையை மூடிவிட்டால் என்ன செய்வது என்பதற்காக மூலநிரலை மூன்றாம் தரப்பிடம் ஒப்படைத்து வைக்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. அதன் பெயரையும் பயனையும் தெரிந்துகொள்ளுங்கள். மென்பொருள் உருவாக்கும் முறையின் முதிர்ச்சி நிலைகள் ஐந்தின் வரிசையை மனப்பாடம் செய்யத்தான் வேண்டும். அதில் புரிந்துகொள்ள ஒன்றும் இல்லை.

2021 டிசம்பரில் பல மென்பொருள்கள் பயன்படுத்தும் லாக்4ஜே என்ற நிரல் நூலகத்தின் ஓட்டை வெளிவந்தபோது நான் இருந்த குழுவில் இரண்டு வாரம் யாரும் சரியாகத் தூங்கவில்லை. ஓட்டையை அடைப்பது பெரிய வேலையாக இல்லை. அந்த நூலகம் எந்தெந்த மென்பொருளின் வயிற்றுக்குள் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதில்தான் நாட்கள் போயின. எந்த மென்பொருளில் எந்த உதிரி இருக்கிறது என்று பட்டியல் வைத்திருந்த பக்கத்துக் குழு இரண்டே நாளில் முடித்துவிட்டது. ஆச்சி வீட்டுச் சாமான் அறையில் எழுத்து வெட்டி வைத்ததன் அருமை அன்று தெரிந்தது. அந்த டொமைனையும் சொத்துப் பாதுகாப்பையும் தனித்தனியாகப் படிக்காமல் ஒரே வாரத்தில் சேர்த்துப் படியுங்கள்.

ஒரு மாற்றுக் கருத்தும் உண்டு. அடுக்கடுக்கான பாதுகாப்புக்கு நம் ஊர் வீட்டை உவமையாகச் சொல்வதைப் பல இடங்களில் கேட்டிருக்கிறேன்: முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நம் வீடுகளில் முன்வாசலில் நின்றால் கொல்லைவரை கதவுகள் ஒரே நேர்க்கோட்டில் தெரியும். பகல் முழுவதும் எல்லாமே திறந்திருக்கும். எத்தனை அடுக்கு என்பதைக் காட்டிலும் ஒவ்வொரு அடுக்கும் வேறு வகையாகத் தடுக்கிறதா என்பதே கேள்வி. ஒரே நிறுவனத்தின் ஃபயர்வால் இரண்டை வரிசையாக வைத்தால் ஒரே ஓட்டை இரண்டிலும் இருக்கும். நெட்வொர்க்காரரான உங்களுக்கு இது தெரியாததன்று. தேர்வறையில் மறந்துவிடக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.


பல்லவன் பயணி எழுதுகிறார்:

படிப்பைப் பற்றி மேலே எல்லாரும் எழுதிவிட்டார்கள். மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

பெயரைச் சரிபாருங்கள். முதல் முறை தப்பியிருக்கலாம். மறுமுறை பதிவு செய்யும்போதும் பாருங்கள். பதிவில் உள்ள பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒத்திருக்கவேண்டும். இல்லையென்றால் உள்ளே விடமாட்டார்கள், கட்டணமும் போகும். நம் பக்கத்தில் பாட்டனார் பெயருக்கு இரண்டு எழுத்து, தகப்பனார் பெயருக்கு இரண்டு எழுத்து என்று இன்ஷியல் ரயில்பெட்டிபோல் நீளும். என் பாஸ்போர்ட்டில் தகப்பனார் பெயர் முழுதாகக் குடும்பப்பெயர் கட்டத்தில் இருந்தது. பதிவில் நான் இன்ஷியல் மட்டும் போட்டிருந்தேன். தேர்வுக்கு மூன்று வாரம் முன்பு தற்செயலாகக் கவனித்து, மின்னஞ்சல் எழுதி மாற்றினேன். இரண்டாவது அடையாளமாக வங்கி அட்டையைக் கொண்டுபோவதானால் அதன் பின்புறம் கையொப்பம் இருக்கட்டும்.

தேர்வன்று காலையில் காரைக்குடியில் ரயிலேறவேண்டாம். பல்லவன் ரயிலில் முதல்நாளே போய்விடுங்கள். மதியத்துக்கு எழும்பூர் போனால், மாலையில் தேர்வு மையம் இருக்கும் இடத்தை ஒருமுறை நேரில் பார்த்துவிட்டு வரலாம். நான் இரவு ரயிலில் போய், தூக்கமில்லாமல் நேராக மையத்துக்குச் சென்றவன். எழுபதாவது கேள்விக்குமேல் ஒரே வாக்கியத்தை மூன்று முறை படித்தேன்.

மூன்று மணி நேரத்தை 150-ஆல் வகுத்தால் கேள்விக்கு 72 வினாடி. தமிழ்வழியில் படித்தவர் என்கிறீர்கள். அப்படியென்றால் கேள்வியின் கடைசி வாக்கியத்தை முதலில் படியுங்கள். 'முதலில்', 'மிகச் சிறந்த', 'மிகக் குறைந்த', 'தவிர' என்ற சொற்கள் அங்கேதான் இருக்கும். பிறகு மேலே போய்க் கதையைப் படித்தால் எதைத் தேடுகிறோம் என்று தெரிந்தே படிப்பீர்கள். ஐம்பதாவது கேள்வி முடியும்போது ஒரு மணி நேரத்துக்குமேல் போயிருக்கக்கூடாது. இடையில் வெளியே போகலாம், ஆனால் கடிகாரம் நிற்காது. நான் எழுபத்தைந்தில் ஒருமுறை எழுந்து, முகம் கழுவிவிட்டு வந்தேன். அந்த மூன்று நிமிடம் எனக்கு நட்டமாகத் தெரியவில்லை.

தேறியபின் ஒன்பது மாதத்துக்குள் பரிந்துரை பெற்று விண்ணப்பிக்கவேண்டும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். எட்டில் இரண்டு டொமைன்களிலாவது ஐந்தாண்டு அனுபவம் கேட்பார்கள். உங்களுக்கு ஒன்பது இருப்பதால் தடை இல்லை. ஆனால் பழைய நிறுவனங்களிலிருந்து பணிச்சான்று இப்போதே வாங்கி வையுங்கள். நான் முன்பு வேலை பார்த்த இடம் ஒன்றில் சான்று வர ஐந்து மாதம் ஆனது.


செக்காலைக்காரன் எழுதுகிறார்:

எல்லாருக்கும் நன்றி. மூன்று மாதத்தை இப்படிப் பிரித்திருக்கிறேன். முதல் ஐந்து வாரம் ரிஸ்க் மேலாண்மைக்கு மட்டும். அடுத்த மூன்று வாரம் சொத்துப் பாதுகாப்பும் மென்பொருளும் சேர்த்து. அருகில் என்று வந்த நான்கு டொமைன்களுக்கு மூன்று வாரம். நெட்வொர்க்குக்கு நேரமே ஒதுக்கவில்லை. கடைசி வாரத்தில் ஒருமுறை புரட்டினால் போதும் என்று நினைக்கிறேன். கேள்விகள் நாளுக்குப் பதினைந்துதான். பழைய தொகுப்பை அழித்துவிட்டேன்.

நேற்று இரவு சாப்பாட்டு நேரத்தில் டிலிஜென்ஸுக்கும் கேருக்கும் உள்ள வேறுபாட்டை என் அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். 'அப்படியென்றால் நீ பரீட்சைக்குப் பணம் கட்டுமுன் அந்தப் பயிற்சிக்காரனைப் பற்றி விசாரித்தாயா' என்று கேட்டார்.

பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். இன்ஷியல் பிரச்சினை எனக்கும் இருக்கிறது. முதல் முறை எப்படி உள்ளே விட்டார்கள் என்று தெரியவில்லை. இன்றே எழுதப் போகிறேன்.


பெட்டியடி எழுதுகிறார்:

நெட்வொர்க்குக்கு நேரம் ஒதுக்காமல் விடாதீர்கள், தம்பி. தெரிந்த இடத்தில்தான் கேள்வியை முழுதாகப் படிக்காமல் விடை குறிப்போம். வாரத்துக்கு ஒரு நாள், பத்துக் கேள்வி, அதே மூன்று கேள்விகளோடு போட்டுப் பாருங்கள். பெயர் மாற்றத்துக்கு எழுதினால் பதில் வந்தபின்தான் தேதியைப் பதிவு செய்யவேண்டும். தேதியை மாற்றினால் 50 டாலர் பிடித்துக்கொள்வார்கள்.